ஈரலில் எழுந்து இதயம் புகும் புற்று

'ஈரக்குலை நடுங்கிற்று' என்பது நம்மவர் நாவில் நாளும் வழங்கும் தொடர். ஈரற்குலை என்ற சொல்லே பேச்சில் ஈரக்குலை ஆயிற்று. கல்லீரல், மண்ணீரல், நுரையீரல் எனப் பெயரிட்ட தமிழர், உள்ளுறுப்புகளை ஒரே காம்பில் தொங்கும் குலையாகக் கண்டனர். பேச்சு வழக்கில் இதயமும் அக்குலையோடு சேர்ந்தே எண்ணப்படும். இவ்வழக்கு வெறுங் கற்பனையன்று. கல்லீரலில் தோன்றிய புற்று இதயத்தின் உள்ளறைக்கே ஏறிச் செல்லும் கொடுமை, இவ்விரண்டும் எத்துணை நெருங்கியவை என்பதைக் காட்டுகிறது.

கல்லீரலின் குருதி மூன்று பெருஞ்சிரைகளின் வழியே வெளியேறி, கீழ்ப்பெருஞ்சிரையில் கலந்து, இதயத்தின் வலது மேலறையை அடைகிறது. இடையிலுள்ள தொலைவு சில விரற்கடையே. கல்லீரல் புற்றுக்குச் சிரையின் உட்புறம் புகுந்து வளரும் இயல்பு உண்டு. கொடி கொழுகொம்பைப் பற்றி ஏறுவதுபோல அது குருதியோட்டத்தின் திசையிலேயே ஏறுகிறது. பெருஞ்சிரை அடைபட்டால் கால்கள் வீங்கும். வயிற்றில் நீர் கோக்கும். மேலறையை அடைந்தால் மூச்சுத் திணறும். துண்டு ஒன்று பிரிந்து நுரையீரலுக்குச் சென்றால் திடீர் மரணமும் நேரும். கல்லீரல் புற்றுடையோருள் நூற்றுக்கு ஒரு சிலரிடமே இந்நிலை காணப்படுகிறது. எனினும் அது நோயின் கடைசிப் படி என்பதில் ஐயமில்லை.

முற்காலத்தில் பிணத்தை அறுத்துப் பார்த்தபோதுதான் இது பெரும்பாலும் புலப்பட்டது. 1953இல் சுவீடன் நாட்டின் லுண்ட் நகரில் எட்லர், ஹெர்ட்ஸ் என்னும் இருவர் ஒலியலையின் எதிரொலியால் இதயத்தின் அசைவை அறியும் முறையைக் கண்டனர். அதன் பயனாக இன்று உயிருள்ளவரின் இதய அறையில் அசையும் கட்டியையும் திரையில் காண முடிகிறது.

இனி நம் மண்ணுக்கு வருவோம். 1885இல் வில்லியம் கேமரன் அளந்து கண்ட மேட்டுநிலம் அவர் பெயராலேயே கேமரன் மலை ஆயிற்று. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் அங்கே போ தேயிலைத் தோட்டத்தை நிறுவினார். காட்டை அழித்துச் செடி நட்டுக் கொழுந்து பறித்தவர்களில் தமிழ்நாட்டிலிருந்து வந்த மக்கள் பலர். லயத்து வாழ்வில் அவர்களுக்கு வாய்த்த மருத்துவர், பெரும்பாலும் தோட்டத்து டிரெஸ்ஸர் ஒருவரே.

அந்நாளைய மலாயாவில் மருத்துவ ஆராய்ச்சி இல்லாமலில்லை. 1900இலேயே கோலாலம்பூரில் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தோன்றிற்று. மால்கம் வாட்சன் கிள்ளானில் மலேரியாவை அடக்கிப் புகழ் பெற்றார். ஆனால் அந்த ஆராய்ச்சியின் நோக்கம் முதன்மையாக விரைந்து கொல்லும் நோய்களின்மேல் இருந்தது. மலேரியா ஆட்களை அடுத்தடுத்து வீழ்த்தியது; வேலை நின்றது; எனவே அது கணக்கில் ஏறியது. கல்லீரல் நோயோ இருபது, முப்பது ஆண்டுகள் மறைந்திருந்து வெளிப்படுவது. நாட்பட்ட நோயால் உழைக்க இயலாமற் போனவர் கப்பலேற்றித் தாயகத்துக்கு அனுப்பப்படுவதும் உண்டு. அச்செலவுக்கு 1907இல் அமைந்த தமிழர் குடியேற்ற நிதி உதவிற்று. அவர் தம் ஊரில் இறந்தால் அந்த இறப்பு மலாயாவின் ஏட்டில் ஏறாது. மெல்லக் கொல்லும் நோயின் வரலாறு இவ்வாறே எழுதப்படாமல் போயிற்று எனலாம்.

இந்நோயின் வேர்கள் மூன்றினை நாம் அறிதல் வேண்டும். முதலாவது மது. தோட்டந்தோறும் கள்ளுக்கடை வைத்து, உழைப்பாளியின் கூலி அங்கேயே கரைய வழி செய்தனர். 1941ஆம் ஆண்டுக் கிள்ளான் வேலைநிறுத்தத்தில் கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடவும் தொழிலாளர் கோரினர். இதைச் சமூகச் சீர்திருத்தம் என்றே பலரும் எழுதுவர்; அது கல்லீரலைக் காக்க எழுந்த குரலுமாகும். நெடுங்குடியால் ஈரல் சுருங்கித் தழும்பேறுகிறது. அத்தழும்பிலே புற்று முளைக்கிறது.

இரண்டாவது பூஞ்சை நஞ்சு. ஈரத்தில் கிடந்த நிலக்கடலை, சோளம் முதலியவற்றில் உண்டாகும் அஃப்ளடாக்சின் 1960இல் இங்கிலாந்தில் வான்கோழிகள் கூட்டமாக மடிந்ததைத் தொடர்ந்து அறியப்பட்டது. 1974இல் இராசத்தானத்திலும் குசராத்திலும் பூஞ்சை பிடித்த சோளத்தை உண்ட நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 1988இல் கேமரன் மலையின் அடிவாரத்துப் பேராக் மாநிலத்தில் நச்சேறிய நூடல்ஸ் உண்டு 13 குழந்தைகள் இறந்தனர்.

மூன்றாவது ஹெபடைடிஸ் பி என்னும் நுண்கிருமி. 1965இல் புளும்பெர்க் இதன் அடையாளத்தைக் குருதியில் கண்டறிந்ததாக வெளியிட்டார். 1976இல் நோபல் பரிசு பெற்றார். 1981இல் தைவானில் பீஸ்லி 22,707 ஆடவரை ஆராய்ந்த முடிவை வெளியிட்டார். அவர்களுள் கல்லீரல் புற்றால் இறந்த 41 பேரில் 40 பேர் இக்கிருமியைச் சுமந்தவர். தாயிடமிருந்து சேய்க்குப் பரவும் இதனைத் தடுப்பூசியால் தடுக்கலாம். தைவான் 1984இலும் மலேசியா 1989இலும் பிறந்த குழந்தைகளுக்கு ஊசி போடத் தொடங்கின. தைவானில் 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளிடையே இப்புற்று இலட்சத்துக்கு 0.70இலிருந்து 0.36 ஆகக் குறைந்தது.

தமிழர் இங்கு ஒன்றை ஆய்ந்து உணரவேண்டும். மஞ்சட்காமாலைக்குக் கீழாநெல்லி என்பது நம் முன்னோர் மரபு. சென்னையில் தியாகராஜன் குழுவினர், புளும்பெர்க்கும் உடனிருக்க, இதனைச் சோதித்து 1988இல் வெளியிட்டனர். மருந்துண்ட 37 பேரில் 22 பேரின் குருதியில் கிருமியின் அடையாளம் மறைந்தது. வெறும் மாற்று உண்ட 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. உலகம் வியந்தது. ஆயினும் பின்னர்ப் பிறர் செய்த சோதனைகள் அம்முடிவை உறுதிப்படுத்தவில்லை. மரபைச் சோதித்தது பெருமை. சோதனையின் முடிவை ஏற்பது அதனினும் பெருமை. கீழாநெல்லியை மட்டும் நம்பிப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவது, கொடி மேலேற வழி விடுவதாகும்.

இதயத்தை எட்டிய புற்றை இன்று அறுவையாலும் கதிராலும் மருந்தாலும் ஓரளவு எதிர்க்கலாம். ஆயினும் கிடைக்கும் வாழ்நாள் பெரும்பாலும் திங்கட்கணக்கிலேயே அமைகிறது. பிறப்பு ஊசியோ ஒரு வாழ்நாளையே காக்கிறது. 1989க்கு முன் பிறந்த தோட்டத்து மக்களுக்கு அப்பேறு வாய்க்கவில்லை. அவர்களுள் பலர் இன்று பெற்றோராகவும் பாட்டன் பாட்டியராகவும் நம்மிடையே வாழ்கின்றனர். ஒரு துளிக் குருதிச் சோதனை அவர்கள் நிலையைச் சொல்லிவிடும். தமிழாசிரியர்கள் 'ஈரக்குலை' என்ற சொல்லை வகுப்பில் விளக்கும்போது இச்செய்தியையும் சேர்த்துச் சொன்னால், மாணவன் வாயிலாக அது வீட்டை எட்டும்.