இரண்டு இலக்கங்களும் ஒரு சமன்பாடும்

ஈரிலக்க எண் ஒன்று. அதன் இலக்கங்களைக் கூட்டினால் 10, பெருக்கினால் 21. அவ்வெண் யாது?

சிறுவர் ஊகித்தே விடை கூறிவிடுவர். 37 என்பார் ஒருவர். 73 என்பார் மற்றொருவர். இருவர் கூற்றும் சரியே. ஊகியாது காண முயல்வோமாயின், ஓரிலக்கத்தின் வர்க்கத்தோடு 21 ஐக் கூட்டியது அவ்விலக்கத்தின் பத்து மடங்குக்குச் சமன் என்னும் இருபடிச் சமன்பாட்டிலே வந்து நிற்போம். 813 முதல் 833 வரை ஆண்ட கலீபா அல்மாமூன் காலத்தில், பாக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மி தம் அட்சரகணித நூலில் எடுத்துக்கொண்ட உதாரணங்களுள் இச்சமன்பாடும் ஒன்று.

அவர் குறியீடு எதனையும் கையாண்டாரல்லர். யாவற்றையும் சொற்களாலேயே எழுதினார். வானொலியிற் கணிதம் பேசப் புகுந்தவர்க்கு இது பெருந்துணை! அவர் காட்டிய வழி இதுவே: பத்தின் அரைவாசி 5, அதன் வர்க்கம் 25, அதிலிருந்து 21 ஐக் கழிக்க 4, அதன் வர்க்கமூலம் 2. ஐந்திலிருந்து இரண்டைக் கழிக்க 3. ஐந்தோடு கூட்ட 7. பெருக்கம் 21 அன்றி 26 ஆயின்? 25 இலிருந்து 26 ஐக் கழித்தல் இயலாது. அத்தகைய வினாவுக்கு விடையில்லை என்பதையும் அவர் சொல்லியே வைத்தார்.

இன்று நாம் எல்லா உறுப்புக்களையும் ஒரு பக்கங் கொணர்ந்து பூச்சியத்துக்குச் சமன்படுத்துகின்றோம். மறை எண்களை ஏலாத அல்குவாரிஸ்மிக்கு அது கைகூடவில்லை. வர்க்கம், மூலம், எண் ஆகிய மூன்றும் அமைந்த சமன்பாட்டை அவர் மூன்று வகைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி விதியும் தனி வரைபடமும் தரவேண்டியதாயிற்று. விந்தை யாதெனில், 628 இலேயே பிரமகுப்தர் மறை எண்களுக்கு விதிகள் வகுத்திருந்தமையே. ஐரோப்பாவில் 1544 இல் மிகையேல் ஸ்டீபெல் அம்மூவகையையும் ஒரே விதியில் அடக்கிக் காட்டினார்.

ஆயினும், பூச்சிய வடிவத்தையும் சூத்திரத்தையும் மனனஞ் செய்வதோடு மாணவர் நின்றுவிடுதல் எமக்கு உடன்பாடன்று. ஐந்துக்கும் இலக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தின் வர்க்கம் 4 என எழுதிப் பாருங்கள். இரு விடைகளும் ஐந்தின் இருமருங்கும் சமதூரத்தில் நிற்பது தெரியும். இலக்கத்திலிருந்து மூன்றைக் கழித்ததையும் ஏழைக் கழித்ததையும் பெருக்கப் பூச்சியம் என்றால், விடைகளே வெளிப்படையாகும். சமன்பாடு ஒன்றுதான், பூச்சிய வடிவமோ இவ்விரண்டையும் மறைத்து நிற்கின்றது.

எந்த வடிவில் எழுதினும், எவ்விலக்கம் பத்தினிடத்தது என்பதைச் சமன்பாடு அறியாது. இலக்கங்களை இடம்மாற்றினால் எண் 36 ஆற் குறையும் என்று வினாவிற் சேர்த்துவிட்டால், 73 மட்டுமே எஞ்சும்.