சட்ட அலுவலகத்தில் ஒரு நாற்காலி: பெண் பயிலுனர்கள் கடந்து வந்த பாதை

எமது பாடசாலையின் நூற்றாண்டு மலருக்கு மருத்துவத் துறை பற்றி எழுதித் தருமாறே மலர்க்குழுவினர் கேட்டிருந்தனர். நாம் சட்டத்துறை பற்றி எழுத அனுமதி பெற்றோம். அதற்குக் காரணம், சாதாரண தரம் வரை எம்முடன் ஒரே வாங்கில் இருந்து படித்த தோழி. நாம் மருத்துவ பீடத்துக்குச் சென்றோம்; அவர் நுழைவுப் பரீட்சையில் சித்தியடைந்து கொழும்புச் சட்டக் கல்லூரிக்குச் சென்றார்.

இரு துறைகளிலும் புத்தகப் படிப்பு மட்டும் போதாது. மூத்தவர் ஒருவரின் கீழ் வேலை செய்து பழக வேண்டும். எமக்கு ஒரு வருட உள்ளகப் பயிற்சி. அவருக்கு ஆறு மாதப் பயிலுனர் காலம். ஆனால் எமக்கான வைத்தியசாலையைத் தகுதி வரிசைப்படி சுகாதார அமைச்சே ஒதுக்கியது. அவரோ தமக்கான மூத்த சட்டத்தரணியைத் தாமே தேடிக்கொள்ள வேண்டியிருந்தது. கொழும்பில் உறவினரோ அறிமுகமானவரோ இல்லாத அவர், புதுக்கடையில் பல அலுவலகங்களின் படிகளை ஏறி இறங்கினார். ஓரிடத்தில் “இருக்க இடமில்லை” என்றார்கள். இன்னோரிடத்தில் “பெண்பிள்ளைகள் பொழுதுபட்டால் நிற்க மாட்டார்கள்” என்றார்கள். பரீட்சையில் பெற்ற புள்ளிகளை எவரும் கேட்கவில்லை.

அவர் ஏறி இறங்கிய படிகளுக்கு நீண்ட வரலாறு உண்டு. இங்கிலாந்தில் 1728ஆம் ஆண்டுச் சட்டம், சொலிசிட்டராக விரும்புபவர் ஐந்து வருடங்கள் ஒருவரின் கீழ் எழுத்தராக ஒப்பந்தம் செய்து பயில வேண்டும் என்று விதித்தது. இந்த ஒப்பந்தத்தை ‘ஆர்ட்டிக்கிள்ஸ்’ என்பர். பத்திரங்களைப் பிரதி செய்வதும், நீதிமன்றத்துக்கு ஆவணங்கள் கொண்டு செல்வதும், கட்சிக்காரர் பேசும்போது ஓரமாக இருந்து கேட்பதுமே அன்றைய படிப்பு. பரீட்சை வந்தது 1836இல்தான். பயிற்சிக்குச் சம்பளம் கிடைப்பதற்குப் பதிலாக, பயிலுனரின் குடும்பமே ‘பிரீமியம்’ என்ற பெயரில் பெருந்தொகை கட்டவேண்டியிருந்தது. சார்ள்ஸ் டிக்கன்ஸின் ‘டேவிட் கொப்பர்பீல்ட்’ நாவலை ஆங்கில இலக்கிய வகுப்பில் படித்தவர்களுக்கு நினைவிருக்கும்: டேவிட்டைப் புரொக்டர் அலுவலகத்தில் சேர்க்க 1000 பவுண் கேட்கப்படுகிறது.

பணமிருந்தாலும் பெண்ணுக்கு இடமில்லை. 1913இல் நான்கு பெண்கள் சட்டச் சங்கத்தின் ஆரம்பப் பரீட்சைக்கு விண்ணப்பித்து மறுக்கப்பட்டனர். அவர்களுள் ஒருவரான குவினெத் பெப் வழக்குத் தொடுத்தார். ஒக்ஸ்போர்டில் சட்டம் படித்து முதல் வகுப்புத் தரத்தில் தேறியவர் அவர். ஆனால் அக்காலத்தில் ஒக்ஸ்போர்ட் பெண்களுக்குப் பட்டம் வழங்குவதில்லை. 1843ஆம் ஆண்டுச் சொலிசிட்டர் சட்டத்தில் வரும் ‘ஆள்’ என்ற சொல்லில் பெண் அடங்கமாட்டாள் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேன்முறையீடும் தோற்றது.

1919 டிசம்பரில் நிறைவேறிய சட்டம் அந்தத் தடையை நீக்கியது. பெப் பின்னர் பாரிஸ்டராகத் தகுதிபெறப் படிக்கத் தொடங்கினார். ஆனால் பிரசவத்தை அடுத்து ஏற்பட்ட சிக்கல்களால் 1921இல், 31 வயதில், தகுதி பெறாமலே காலமானார். மகப்பேற்று விடுதியில் இரவுகளைக் கழித்த எமக்கு இந்த வரியைக் கடந்து செல்வது எளிதாக இருக்கவில்லை. 1922 டிசம்பரில் கேரி மொரிசன் இங்கிலாந்தின் முதலாவது பெண் சொலிசிட்டரானார். அவருடன் பரீட்சையில் தேறிய மூவருள் ஒருவர் மோட் குரொப்ட்ஸ்; 1913இல் பெப்புடன் விண்ணப்பித்து மறுக்கப்பட்ட நால்வருள் ஒருவர்.

எமது நாட்டிலும் பிரித்தானியர் இதே முறையையே நிறுவினர். எமது பாட்டன்மார் காலத்தில் ஊரில் காணி உறுதி, வழக்கு என்றால் பிறக்கிராசியாரிடம் போவார்கள். மேல் நீதிமன்றில் வாதாட அப்புக்காத்து வருவார். சட்டக் கல்வி 1874 முதல் ஒழுங்கான நிறுவன வடிவம் பெற்றாலும், தொழிலின் நுணுக்கம் அலுவலக மேசையில்தான் கற்கப்பட்டது. பெண்களுக்கான தடை 1933இல் கட்டளைச் சட்டம் ஒன்றினால் நீங்கியது. 1974இன் தொடக்கத்தில் பிறக்கிராசி, அப்புக்காத்து என்ற பிரிவு ஒழிந்து எல்லோரும் சட்டத்தரணிகளாயினர். உயர் நீதிமன்றத்தில் முதற்பெண் நீதியரசராக ஷிராணி பண்டாரநாயக்க அமர 1996 ஆயிற்று. தடை நீங்கி 63 வருடங்கள்.

புலம்பெயர்ந்து வாழும் சகோதரிகளின் பிள்ளைகள் பலர் இன்று இங்கிலாந்தில் வேறொரு வழியைக் காண்கிறார்கள். உயர்தரம் முடித்த பிள்ளை பல்கலைக்கழகக் கடன் எடுக்காமலே சட்ட நிறுவனமொன்றில் சொலிசிட்டர் பயிலுனராகச் சேரலாம். காலம் ஏறத்தாழ ஆறு வருடங்கள். கிழமையில் நான்கு நாட்கள் வேலை, ஒரு நாள் படிப்பு என்பது பொதுவான ஒழுங்கு. சம்பளம் உண்டு, கல்விக் கட்டணம் பயிலுனரின் தலையில் விழாது. 2021 முதல் நடைமுறையிலுள்ள சொலிசிட்டர் தகுதிப் பரீட்சையின் இரு கட்டங்களிலும் தேறவேண்டும். முதற்கட்டத்தில் மட்டும் 360 பல்தேர்வு வினாக்கள். எனினும் 2026 ஜனவரி முதல் புதிதாகச் சேர்பவர்களில், பெரும்பாலும் 21 வயது வரையானவர்களுக்கே அரச நிதி கிடைக்கும். பிள்ளைகளை இவ்வழியில் விட எண்ணும் தாய்மார் இதைக் கவனிக்க வேண்டும்.

அன்று குடும்பம் பணம் கட்டியது; இன்று நிறுவனம் சம்பளம் தருகிறது. இது பெரிய மாற்றம். ஆயினும் முதலில் ஒரு நிறுவனம் அந்தப் பிள்ளையைத் தெரிவு செய்ய வேண்டும் என்ற நிலை மாறவில்லை.

எமது தோழிக்கு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். ஏழாவதோ எட்டாவதோ அலுவலகத்தில் ஒரு பெண் சட்டத்தரணி அவருடைய விண்ணப்பத்தில் பாடசாலையின் பெயரைக் கண்டு நிமிர்ந்து பார்த்தாராம். அவர் எமக்குப் பதினைந்து வருடம் மூத்த பழைய மாணவி. சிறிய அறை, ஒரே மேசை. அதன் மூலையில் அடுக்கியிருந்த கோவைகளை நிலத்தில் இறக்கி வைத்துவிட்டு, “இதிலை இரும் பிள்ளை” என்றார். அந்த மூலையில் இருந்துதான் எமது தோழி சத்தியக்கடதாசி எழுதவும், அற்றோர்னித் தத்துவம் தயாரிக்கவும், காணிப் பதிவகத்தில் பழைய உறுதிகளைத் தேடவும் பழகினார். வழக்கு வெல்லாது என்பதைக் கட்சிக்காரரின் மனம் நோகாமல் சொல்வது எப்படி என்பதையும் அங்கேதான் கண்டறிந்தார். நோயாளியிடம் கெட்ட செய்தி சொல்ல நாமும் விடுதியில் மூத்தவர்களைப் பார்த்தே பழகினோம். அதை எந்தப் புத்தகமும் கற்பிக்கவில்லை.

இன்று தோழியின் அலுவலகத்தில் ஒரு சிறு மேசை எப்போதும் வெறுமையாக இருக்கும். அடுத்து வரும் பயிலுனருக்கு என்கிறார். எமது பாடசாலைப் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, கொழும்பில் ஆளில்லாத எந்தப் பிள்ளைக்கும்.

நூற்றாண்டு காணும் எமது பாடசாலையின் பிள்ளைகள் இன்று பல நாடுகளில் அலுவலகங்களும் சிகிச்சை நிலையங்களும் கணக்காய்வு நிறுவனங்களும் நடத்துகிறார்கள். கட்டிட நிதிக்கு அள்ளித் தரும் கைகள் அவை. அத்துடன், அறிமுகக் கடிதம் இல்லாமல் படியேறி வரும் ஒரு பிள்ளைக்கு இருக்க ஒரு நாற்காலியையும் ஒதுக்கி வைப்போம்.