சமையலறைக்குச் செல்லும் சீட்டு: அச்சுப்பொறித் தேர்வும் எழுத்து வரலாறும்

தேசிய நெடுஞ்சாலை 44இல் பெங்களூரிலிருந்து ஓசூருக்குச் செல்வோர் கர்நாடக எல்லையைக் கடக்கும் இடம் அத்திபெலே. ஆனேக்கல் வட்டத்தைச் சேர்ந்த இவ்வூரில் கன்னடமும் தெலுங்கும் தமிழும் நெடுங்காலமாகக் கலந்து புழங்குகின்றன. இத்தகைய எல்லையூர் உணவகம் ஒன்றில் கேட்பவர் தமிழிலும், குறித்துக்கொள்ளும் சப்ளையர் கன்னடத்திலும், தோசைக்கல்லின்முன் நிற்கும் மாஸ்டர் ஒடியாவிலும் சிந்திப்பது வியப்பன்று. ஆகவே, சமையலறைக்கு எந்த அச்சுப்பொறியை வாங்குவது என்னும் கேள்வி விலையோடு முடிவதில்லை. எந்த எழுத்தில் அச்சிடுவது என்பதும் அதில் அடங்கியுள்ளது. இவ்விரண்டாம் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு.

பழைய உடுப்பி உணவகங்களில் ஆர்டர் என்பது குரல். சப்ளையர் நினைவில் வைத்துக் கூவுவார். மாஸ்டர் காதால் வாங்குவார். எழுத்தறிவு அங்கே தேவைப்படவில்லை. 1983இல் ஜெயநகரில் தொடங்கிய கஃபே தர்ஷினியின் வழியே பெங்களூரில் பரவிய முறையில், உண்பவர் கல்லாவில் பணம் செலுத்தி, டோக்கனைத் தாமே சமையலறை முகப்பில் நீட்டினார். காதின் வேலை கண்ணுக்கு மாறியது. கணினி பில் வந்தபின் ‘கே.ஓ.டி.’ எனப்படும் ஆர்டர் சீட்டு நேரே உள்ளே அச்சாகத் தொடங்கியது. அன்றுமுதல் மாஸ்டர் வாசகராகவும் ஆனார்.

அவர் வாசிக்கும் எழுத்தைத் தீர்மானித்தது தொலைவிலிருந்த ஒரு தொழில்மரபு. 1968இல் ஜப்பானில் வெளிவந்த இ.பி.-101 என்னும் சிற்றச்சுப்பொறியின் ‘வழித்தோன்றல்’ என்ற பொருளில் 1975இல் எப்சன் என்ற பெயர் அமைந்தது. அந்நிறுவனம் வகுத்த ‘இ.எஸ்.சி./பி.ஓ.எஸ்.’ கட்டளைத்தொகுதியைப் பிற நிறுவனங்களும் பின்பற்றலாயின. அதன் எழுத்து அட்டவணையில் 0ஆம் பக்கம் அமெரிக்க ஆங்கிலத்துக்குரிய குறியேற்றம். 1ஆம் பக்கம் ஜப்பானியக் கதகனா. தமிழுக்கு 68ஆம் பக்கமும் கன்னடத்துக்கு 72ஆம் பக்கமும் ஒதுக்கப்பட்டுள்ளன.

இவ்வெண்கள் கவனிக்கத்தக்கவை. 1991ஆம் ஆண்டின் இந்தியத் தரநிலையான ‘இஸ்கி’ (ஐ.எஸ். 13194), எழுத்துமுறைகளுக்கிடையே மாறுவதற்கெனத் தேவநாகரிக்கு 66, வங்காளத்துக்கு 67, தமிழுக்கு 68, தெலுங்குக்கு 69, கன்னடத்துக்கு 72 என்ற குறியெண்களை வழங்கியது. அதே எண்கள் அதே வரிசையில் அச்சுப்பொறி அட்டவணையிலும் இடம்பெறுகின்றன. யூனிகோட் பரவியபின் கணினித் திரையிலிருந்து மறைந்துபோன ஒரு தரநிலையின் சுவடு இது.

ஆனால் அப்பக்கங்கள் எல்லா மாதிரிகளிலும் இல்லை. இல்லாதவற்றில் மென்பொருள் தமிழ் எழுத்தைப் படமாக்கி அனுப்ப வேண்டும். அவ்வசதியும் இல்லையெனில் ரோமன் எழுத்தே மிஞ்சும். கன்னடத்தில் ‘சாரு’ என்பது ரசம். தமிழில் ‘சாறு’ என்பது பிழிந்தெடுத்தது. தமிழ் எழுத்தில் ரகர றகரங்கள் வேறுபடுத்தும் இவ்விரண்டும் ரோமன் சீட்டில் ஒன்றாகிவிடும். பண்டத்தின் பெயரையேனும் பழக்கத்தால் ஊகிக்கலாம். ‘நிலக்கடலை சேர்க்க வேண்டாம்’ என்ற குறிப்பை ஊகிக்க இயலாது. ஒவ்வாமை உள்ளவருக்கு அது உயிர்ப்பிரச்சினை. வாசிக்க இயலாத சீட்டுக்குப் பழி சுமப்பவரோ மாஸ்டர்.

பொறித்தேர்வின் சிக்கல் இங்கேதான் உள்ளது. ஊசிகள் ரிப்பனில் மோதி அச்சிடும் பொறி அடுப்பங்கரைக்கு ஏற்றது. அதன் சாதாரணத் தாள் வெப்பத்தால் கறுக்காது. இரட்டைத்தாளில் படி எடுக்கலாம். அதன் ஓசையே புதிய ஆர்டரை அறிவிக்கும். ஆயினும் அதன் 9 ஊசிகளுக்குள் தமிழின் புள்ளியும் கொம்பும், கன்னடத்தின் கீழொற்றும் நெருக்கடிக்குள்ளாகும். படமாக அச்சிட்டால் வேகம் குறையும். வெப்ப அச்சுப்பொறியோ மில்லிமீட்டருக்கு 8 புள்ளிகள் இடுவதால் எந்த எழுத்தையும் தெளிவாகக் காட்டும். ஆனால் வெப்பத்தால் நிறம் மாறும் பூச்சே அதன் தாளின் அடிப்படை. அடுப்பின் அருகே அது முழுதும் கறுத்துவிடும்.

ஆர்டர் சீட்டின் ஆயுள் சில நிமிடங்களே என்பதால் அச்சு நாளடைவில் மங்குவது இங்கே குறையாகாது. வெப்ப அச்சுப்பொறியைப் பண்டங்கள் கைமாறும் முகப்பு மேடையில், அடுப்பைவிட்டுத் தள்ளி, ஒலியெழுப்பியுடன் வைத்தால் மற்றொரு குறையும் பெரிதும் நீங்கும். அங்ஙனம் வைக்க இடமில்லாத சிறிய சமையலறைக்கு ஊசிப்பொறியே பொருந்தும். அப்போது எழுத்தைப் பெரிதாக்கி, குறிப்புகளைச் சுருக்கிக்கொள்ள வேண்டும்.

எதை வாங்கினும், வாங்குமுன் மாஸ்டர் அறிந்த எழுத்தில் ‘வெங்காயம், பூண்டு வேண்டாம்’ என ஒரு சீட்டை அச்சிட்டு, அவரையே கடையில் வாசிக்கச் சொல்வது நன்று. குரலால் நடந்த காலத்தில் தமக்குப் புரிகிறதா என்பதை மாஸ்டரே உடனுக்குடன் சொல்ல முடிந்தது. சீட்டு வந்தபின் அந்த வாய்ப்பு அவருக்கு இந்த ஒரு தருணத்தில்தான் கிடைக்கிறது.