பெரெசினா ஆற்றுப் பாலங்கள்

மாவீரன் நெப்போலியனின் போர்களைப் பள்ளிப் பருவத்தில் நாம் படித்திருக்கிறோம். அவனது படைக்குப் பாலம் கட்டியவர்களை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

1812 ஆம் ஆண்டு மாஸ்கோவை விட்டுத் திரும்பிய பிரெஞ்சுப் படை, நவம்பர் மாத இறுதியில் பெரெசினா ஆற்றங்கரையில் சிக்கிக்கொண்டது. இருந்த பாலத்தை ருஷியர் அழித்துவிட்டனர். மிதவைப் பாலத்துக்குரிய படகுகளையோ, சில நாட்களுக்கு முன்னர்தான் எரிக்கச் சொன்னான் நெப்போலியன்! நல்லவேளையாக, தளபதி எப்ளே இரண்டு கொல்லுலைகளையும் கரியையும் கருவிகள் ஏற்றிய ஆறு வண்டிகளையும் கைவிடாது காத்து வைத்திருந்தார்.

ஸ்டுட்ஸியான்கா என்னும் சிற்றூரின் வீடுகளைப் பிரித்து மரம் எடுத்தனர். நவம்பர் 26 அன்று, டச்சுக்காரரும் பிரெஞ்சுக்காரருமாக ஏறத்தாழ 400 வீரர்கள், பனிக்கட்டி மிதந்த நீரில் மார்பளவு இறங்கி நின்று இரண்டு பாலங்கள் கட்டினர். பீரங்கி வண்டிகள் சென்ற பாலம் மும்முறை ஒடிந்தது. ஐம்பது வயதைக் கடந்த எப்ளேயும் அவர்களோடு நீரில் இறங்கினார்.

28 ஆம் நாள் இரவு பாலங்கள் காலியாகவே கிடந்தன. கடந்து வாருங்கள் என்று எப்ளே மன்றாடியும், களைத்துப்போனவர்கள் குளிர்காய்ந்த நெருப்பை விட்டு எழவில்லை. மறுநாள் காலை, குறித்த நேரம் கடந்தும் காத்திருந்துவிட்டுப் பாலங்களுக்குத் தீ வைத்தார். பெண்களும் குழந்தைகளுமாக ஆயிரக்கணக்கானோர் கிழக்குக் கரையிலேயே நின்றுவிட்டனர்.

பிரெஞ்சு மொழியில் இன்றும் ‘பெரெசினா’ என்றால் படுதோல்வி என்று பொருள். நீரில் நின்ற அவ்வீரர்களுள் ஊர் திரும்பியோர் மிகச் சிலரே. எப்ளேயும் அவ்வாண்டு முடிவதற்குள் கோனிக்ஸ்பெர்க் நகரில் மாண்டார்.