பேரெண் பெயர்களும் வெள்ளத்தின் அளவும்

கோடிக்கு மேற்பட்ட எண்களையும் பண்டைத் தமிழர் பெயரிட்டு வழங்கினர் என்பதற்கு நூற்சான்றுகள் உள. தொல்காப்பியம் புள்ளிமயங்கியலில் ஐ, அம், பல் என்னும் இறுதிகளையுடைய எண்ணுப்பெயர்களுக்குப் புணர்ச்சி விதி கூறப்படுகின்றது. அவற்றுக்குத் தாமரை, வெள்ளம், ஆம்பல் என்பனவற்றை உரையாசிரியர் எடுத்துக்காட்டுவர். கீரந்தையார் பாடிய பரிபாடல் இரண்டாம் பாடல், ஊழிகளின் நெடுமையை உணர்த்துமிடத்து, நெய்தல், குவளை, ஆம்பல், சங்கம், கமலம், வெள்ளம் என்னும் ஆறனையும் நிரல்பட வைத்துள்ளது. எனவே, இவை எண்ணுப்பெயர்களாதல் தெளிவு. இவை குறித்த தொகை யாது என்பதே வினா.

இக்காலத்து அட்டவணைகள் சில, இப்பெயர்களுக்குப் பத்தின் அடுக்குகளை வரையறுத்துக் காட்டுகின்றன. அவ்வரையறையைத் தொன்னூல்கள்மேல் ஏற்றியுரைத்தல் பொருந்துமா என்பதை ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் வடமொழிக் கணித நூல்களை நோக்குவோம். 9ஆம் நூற்றாண்டில் மகாவீரர் இயற்றிய கணிதசாரசங்கிரகம், பதுமம் என்பதனை 1-க்குப்பின் 14 சுழிகள் கொண்ட எண்ணாகக் கொள்ளும். 1150இல் பாசுகரர் இயற்றிய லீலாவதியோ, தாமரையையே குறிக்கும் அப்ஜம் என்னும் சொல்லை 9 சுழிகள் கொண்ட எண்ணுக்குப் பெயராக்கும். மலர் ஒன்றே; தொகையோ நூறாயிரம் மடங்கு வேறுபடுகின்றது.

இனி, படைத்தொகை கூறும் வாய்பாடொன்று தமிழில் வழங்குகின்றது. அக்குரோணி எட்டுக் கொண்டது ஏகம்; அதன்மேல் கோடி, சங்கம், விந்தம், குமுதம், பதுமம், நாடு, சமுத்திரம், வெள்ளம் என ஒவ்வொன்றும் எட்டு மடங்காகப் பெருகும். யானை, தேர், குதிரை, காலாள் ஆகிய நால்வகையும் கூட்டிய அக்குரோணியின் தொகை 2,18,700. அதனை ஒன்பது முறை எட்டால் பெருக்க, ஒரு வெள்ளம் 29,35,341 கோடியே 71 இலட்சத்து 13,600 ஆகும். கம்பர் கூறும் எழுபது வெள்ளம் வானரப் படையை இவ்வாய்பாட்டால் அளப்பின் வரும் பெருமை நினைத்தற்கரியது.

இவ்வெண்ணின் இயல்பும் நோக்கத்தக்கது. இதனைப் பகாஎண்களாகப் பகுப்பின் 2 இருபத்தொன்பது முறையும், 3 ஏழு முறையும், 5 இரண்டு முறையும் வரும். பத்தின் அடுக்காகிய எண்ணில் 2-உம் 5-உம் ஒத்த அளவினவாய் வருமன்றி, 3 வாராது. ஆகவே, படைவழக்கின் வெள்ளம் பத்தின் அடுக்குகளுள் எவ்விடத்தும் அமையாது. இவ்வாய்பாட்டில் கோடி என்பதும் நாமறிந்த நூறிலக்கம் அன்று என்பது காண்க.

நிரல்முறையும் ஒன்று கூறுகின்றது. மகாவீரர் பதுமத்தை முன்னும் சங்கத்தைப் பின்னும் வைப்பர். பரிபாடலிலோ சங்கம் முன்னும் கமலம் பின்னும் நிற்க, வெள்ளம் இறுதியில் வருகின்றது. படைவாய்பாட்டின் முறையும் அதுவே. பரிபாடல் நிரல் ஏறுமுகமாயின், அது மகாவீரர் முறையோடு முரணிப் படைவழக்கின் முறையோடு ஒத்துச் செல்கின்றது. எனினும், முறை ஒத்தமையால் தொகையும் ஒத்ததெனத் துணிதல் கூடாது.

ஆதலின், பெயரின் தொன்மை வேறு, தொகையின் தொன்மை வேறு எனக் கொள்ளுதலே நேரிது. ஒரு நூலின் பேரெண்ணுக்கு அந்நூலின் வழக்கும் உரையும் கொண்டே பொருள் காணல் வேண்டும். பிற்கால அட்டவணையைச் சங்கச் செய்யுளுக்கு உரையாக்குதல், முன்னோர் அறிவுக்குப் பெருமை சேர்ப்பதாகாது. அவர் சொல்லாததை அவர்மேல் ஏற்றுவதேயாகும்.