பெயர் போடாத பேட்ஜ்



பள்ளிச் சட்டைப் பையில் பேட்ஜ் தைத்துக்கொண்டு வந்தவர்கள்தானே நீங்கள்? விண்வெளி வீரர்களுக்கும் அப்படி ஒன்று உண்டு. ஒவ்வொரு பயணத்துக்கும் தனித்தனி பேட்ஜ். அது வந்த கதையைச் சொல்கிறேன்.

அமெரிக்க வீரர் கஸ் கிரிஸம் 1961இல் விண்வெளி சென்று கடலில் இறங்கியபோது, அவருடைய கலம் மூழ்கிவிட்டது. 1965 மார்ச்சில் ஜெமினி 3 கலத்துக்கு, மூழ்காத ஒரு பெண்ணைப் பற்றிய இசை நாடகத்திலிருந்து 'மோலி பிரவுன்' என்று வேடிக்கையாகப் பெயர் வைத்தார். நாசா மேலிடத்துக்குப் பிடிக்கவில்லை. இனிக் கலங்களுக்குப் பெயரே வேண்டாம் என்றது.

அடுத்து ஜெமினி 5இல் சென்ற கூப்பரும் கான்ராடும், பெயருக்குப் பதிலாகத் துணியில் ஒரு பேட்ஜ் செய்துகொண்டார்கள். படம், நம் ஊர்க் கூண்டு வண்டி போன்ற ஒரு வண்டி. அந்நாட்டில் மேற்கே குடியேறியவர்கள் சென்ற வண்டி அது. அதில் '8 நாள் தாக்குப்பிடிப்போம், இல்லையேல் தோற்போம்' என்ற பொருளில் ஒரு வாசகம். நாசா தலைவர் ஜேம்ஸ் வெப் பேட்ஜை அனுமதித்தார். வாசகத்தை மட்டும் துணியால் மறைக்கச் சொன்னார். முன்னதாகத் திரும்பினால் பத்திரிகைகள் தோல்வி என்று எழுதுமே! ஆகஸ்ட் 21இல் கிளம்பியவர்கள் 29இல் இறங்கினார்கள். 8 நாளுக்குச் சுமார் ஒரு மணி நேரம்தான் குறைவு.

1967 ஜனவரி 27இல், தரையில் நடந்த சோதனையில் தீப்பிடித்து கிரிஸமும் இரு தோழர்களும் இறந்தார்கள். அதன்பின் நிலவுக்குச் சென்றவர்களின் விண்வெளி உடையில் நூல் வேலைப்பாடு இல்லை. தீப்பிடிக்காத கண்ணாடி இழைத் துணியில் படத்தை அச்சிட்டார்கள்.

1969இல் அப்போலோ 11. மைக்கேல் காலின்ஸ் கழுகை வரைந்தார். அதன் நகங்கள் மிரட்டுவதுபோல் தெரிந்ததால், அலகில் இருந்த ஆலிவ் கிளையைக் காலுக்கு மாற்றினார்கள். ஆனால் மூவரும் தங்கள் பெயரைப் போடவில்லை. அந்தப் பயணத்துக்காக ஏறத்தாழ 4 லட்சம் பேர் உழைத்திருந்தார்கள்.

நம் ராகேஷ் சர்மா 1984 ஏப்ரல் 3இல் சோவியத் கலத்தில் சென்றார். உடையில் மூவர்ணக் கொடி. அவரும் வானில் இருந்தது ஏறத்தாழ 8 நாள்தான்.

இளம்பிள்ளையிலும் ராசிபுரத்திலும் நெய்கிற சேலையில் நெய்தவர் பெயர் இருப்பதில்லை. அவர்களுக்குக் கேட்க வாய்ப்பே இல்லை. புகழ் முழுவதும் தமக்கே வரும் என்று தெரிந்திருந்தும், அந்த மூவர் தாமாகவே பெயரை விட்டார்கள். இன்று நிர்வாகம் செய்கிற, தறி ஓட்டுகிற, கடை நடத்துகிற என் பிள்ளைகள் இதை மனதில் வையுங்கள்.