ஒரு சொடுக்கா, இரு சொடுக்கா?

இருமுறை விரைந்து சொடுக்க இயலாமல் கணினியைவிட்டு விலகிய முதியோரை நாம் கண்டிருக்கிறோம். இவ்வழக்கம் எங்கிருந்து வந்தது?

மரக்காணம் உப்பளக் கரைக்குத் தெற்கே ஆரோவில் 1968 பிப்ரவரி 28 அன்று தொடங்கப்பெற்றது. அவ்வாண்டு டிசம்பரில் அமெரிக்காவில் டக்ளஸ் எங்கல்பார்ட் கணினிச் சுட்டியை அவையோர்முன் இயக்கிக் காட்டினார். பின்வந்த ஜெராக்ஸ் ஆல்டோவின் சுட்டிக்கு மூன்று பொத்தான்கள். அவை புதியோரைக் குழப்பும் என்றெண்ணிய ஆப்பிள், 1983இல் லிசா கணினிக்கு ஒன்றே போதும் என்றது. ஒரு சொடுக்கு தேர்வதற்கு, இரு சொடுக்கு திறப்பதற்கு என்றாயிற்று. பொத்தான் குறைந்தது, சுமை விரலுக்கு மாறியது.

கே.டி.இ. என்னும் கட்டற்ற மென்பொருள் ஒரு சொடுக்கிலேயே திறந்துவந்தது. ஆரோவிலின் 56ஆம் ஆண்டு நிறைவு நாளான 2024 பிப்ரவரி 28இல் வெளிவந்த பதிப்பில், பிற கணினிகளில் பழகியோரை முன்னிட்டு அதுவும் இரு சொடுக்குக்கு மாறியது. ஆயினும் பழைய வழியை அமைப்புகளில் விட்டுவைத்தது. பெரும்பான்மையோரின் பழக்கம் விதியாகலாம். நடுங்கும் விரலுக்கும் ஒரு வழி திறந்திருத்தல் வேண்டும். முதியவர் அருகில் அமர்ந்து அவ்வழியைக் காட்டுவது நம் கடன்.